அணில் இருக்கட்டும்

நம் சங்கத்து ஆண்டு விழாவுக்குக் குழந்தைகளை வைத்து 'சேதுபந்தனம்' நாடகம் போடுவதாக ஏற்பாடு. ராமாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் ஒத்திகை. சென்ற ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் ஒழுங்காக நடித்தார்கள். பெரியவர்கள்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

வடமொழி படித்த அன்பர் ஒருவர், "வால்மீகியில் அணில் கிடையாது, அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள்" என்றார். அணில் வேஷம் போடும் ஏழு வயதுப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். இன்னொருவர், பின்திரையில் விண்வெளியிலிருந்து எடுத்த சேதுவின் படத்தை மாட்டி, 'பதினேழரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் ராமர் கட்டிய பாலம். விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது' என்று எழுதவேண்டும் என்றார். மூன்றாமவர், அப்படி மாட்டினால் என் பையனை அனுப்பமாட்டேன் என்று எழுந்துவிட்டார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சார், நீங்கள் ரயில்வேயில் பாலம் பார்த்தவர். நீங்களே சொல்லுங்கள்." அன்றைக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டருக்கு மணல் திட்டுகளும் ஆழமில்லாத கடலும் இருப்பது உண்மை. 2002-ல் அந்தச் செயற்கைக்கோள் படம் எங்கும் பரவியபோது, படத்தை வைத்து அது மனிதர் கட்டியதா என்று சொல்ல முடியாது என்று நாசாக்காரர்களே சொல்லிவிட்டார்கள். நம்மைப் போன்ற மனித இனம் தோன்றியே சுமார் மூன்று லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்கிறார்கள். பதினேழரை லட்சத்துக்கு எங்கே போவது?

வால்மீகியின் கணக்கு இன்னும் சுவையானது. நீளம் நூறு யோசனை, அகலம் பத்து யோசனை. முதல் நாள் 14, இரண்டாம் நாள் 20, பிறகு 21, 22, ஐந்தாம் நாள் 23. கூட்டிப் பாருங்கள், நூறு வரும். நாங்கள் வேலைத்தளத்திலிருந்து தினமும் அனுப்பும் முன்னேற்ற அறிக்கையேதான்! முதல் நாள் குறைவு, கை பழகப் பழக வேகம் கூடுகிறது. எங்கேயோ ஓர் ஏரிக்கரை கட்டுவதை அந்தக் கவி பக்கத்தில் நின்று பார்த்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும். நம் கம்பரோ மூன்றே நாளில் வேலையை முடித்துவிடுகிறார். இருவரில் யார் பொய் சொன்னார் என்று யாரும் கேட்பதில்லையே.

ஒரு யோசனை என்பதைக் குறைந்தபட்சம் எட்டு கிலோமீட்டர் என்று வைத்தாலும் நூறு யோசனை 800 கிலோமீட்டர். கடலில் இருப்பதோ 30. இதைச் சரிக்கட்ட யோசனையின் அளவையே சுருக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அளவுப் புத்தகத்தில் எண் ஒத்துவரவில்லை என்றால் டேப்பைச் சுருக்குகிற கான்டிராக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பில்லில் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அதற்காக மூன்றாமவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். சேது சமுத்திரத் திட்ட வழக்கில் 2007 செப்டம்பரில் தொல்லியல் துறை உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டது. இராமாயணப் பாத்திரங்களுக்குச் சரித்திர ஆதாரம் இல்லை என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றது. அதே சமயம் அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி, ராமர் எந்த இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தார் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. நானும் இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவனல்ல, பாலிடெக்னிக் டிப்ளமாதான்! பாலத்தைக் கட்டியவன் ராமனல்ல, விசுவகர்மாவின் மகன் நளன். தகப்பன் தொழில் மகனுக்கு வந்தது என்பது கதை. கேலி செய்கிறவரும் கதையை ஒருமுறை படித்துவிட்டுக் கேலி செய்தால் நல்லது.

ஆனால் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் என்ன? பெங்களூரில் ஒரு தமிழ்நாட்டு அரசுப் பேருந்தைக் கொளுத்தினார்கள். இரண்டு பேர் கருகிச் செத்தார்கள். என் மகன் அப்போது சேலத்தில் படித்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் பெங்களூர் வழியாக வீட்டுக்கு வரவிருந்தவனை, வராதே என்று போனில் சொன்னேன். காவிரிக்காக 1991-ல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாங்கள், ராமருக்காகவும் அப்படி உட்கார வேண்டியதாயிற்று. பேருந்தில் இருந்தவர்கள் வால்மீகியையும் மறுத்தவர்களல்ல, யோசனையையும் அளந்தவர்களல்ல. டிக்கெட் வாங்கி ஊருக்குப் போனவர்கள். சாமி புத்தகத்தைச் சரித்திரம் என்று நிரூபித்தே ஆகவேண்டும் என்ற வேகம் வந்துவிட்டால், ஆதாரம் போதாத இடத்தில் தீக்குச்சி வந்துவிடுகிறது. பின்திரையில் அந்தப் படம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் ஒரு கேங்மேன். 1982-ல் பயிற்சிக்காக என்னைப் பாம்பனுக்கு அனுப்பினார்கள். (மைசூர் கோட்டமும் அப்போது தெற்கு ரயில்வேதான்.) 1914-ல் திறந்த பாலம், 145 கண்கள், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். என்னோடு நடந்து வந்த வயதான கேங்மேன் கையில் சுத்தியல். போல்ட்டைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். நடுப்பாலத்தில் நின்று கிழக்கே கை காட்டினார். "அந்தா, அனுமார் கல்லு போட்ட எடம். அந்தப் பக்கந்தான் தம்பி, அறுபத்தி நாலுல ரயிலு போச்சு" என்றார். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி பாசஞ்சரைக் கடல் கொண்டுபோனதை அவர் சொன்னார். ரயிலில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார், ஆனால் ஒன்றோடொன்றைக் குழப்பவில்லை. கடலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு அடுத்த போல்ட்டைத் தட்டினார். அனுமார் காப்பாற்றுவார் என்று ஒரு போல்ட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை.

புதுப் பாம்பன் பாலத்தை 2025 ஏப்ரல் 6, ராமநவமியன்று திறந்தார்கள். நாள் பார்த்துத் திறந்தது சரி. தூக்குப் பாலத்தின் எடையை யாரும் யோசனைக் கணக்கில் போடவில்லை.

ஆபீசில் ஒரு காகிதம் வந்தால் அது என்ன காகிதம் என்று பார்த்துவிட்டுத்தான் படிப்போம். பாலப் பதிவேட்டில் தேதியும் கையெழுத்தும் தேடுவோம். அம்மா எழுதிய கடிதத்தில், 'உன்னை நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை' என்றிருந்தால் எத்தனை மணி நேரம் என்று கேட்போமா? அந்தக் கடிதம் பொய்யுமல்ல, பதிவேடுமல்ல.

இனி அணில். வால்மீகியில் இல்லை என்று அன்பர் சொன்னது சரிதான். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில் அந்த அணிலைச் சொல்லிவிட்டார். குரங்குகள் மலையை உருட்ட, அணில் நீரில் குளித்து மணலில் புரண்டு ஓடுகிறது. ஆழ்வார் அதற்கு ஆதாரம் தேடவில்லை. அந்த அணிலுக்கு இருந்த கள்ளமில்லாத மனம்கூட எனக்கில்லையே என்று தம்மை நொந்துகொள்கிறார். தெய்வ வாக்கு என்று ஒன்று உண்டென்றால் அதைப் படிக்கிற முறை இதுதான் என்பது என் எண்ணம். புத்தகத்தை வைத்து அடுத்தவனை அளக்காமல், தன்னை அளந்துகொள்வது. பூஜை அறையில் நான் செய்ய முயல்வதும் அதுவே. பல நாள் அளவு குறைவாகத்தான் வருகிறது.

ஆகவே அணில் இருக்கட்டும். பின்திரைக்கு நீலத் துணி போதும், கடலென்று குழந்தைகளுக்குத் தெரியும். படம் மாட்டச் சொன்ன அன்பரே அந்தத் துணியை வாங்கித் தருவதாக நேற்று போன் செய்தார். எழுந்து போனவரின் பையன்தான் நளன். அவரை நானே நேரில் போய் அழைக்கிறேன். அடுத்த ஒத்திகை சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. பழுப்பு நிறப் பழைய கம்பளி யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், வால் இன்னும் தைக்கவில்லை.