அதிர்வெண் சொல்லாத மேடைகள்

டர்ன்டேபிளுக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தடுப்பு மேடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தம் சொற்களஞ்சியத்தை நம் கவிதை விமர்சகர்களிடமிருந்து கடன் வாங்கினார்களோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. பின்னணி கருமையடைந்ததாம், குரலுக்கும் வயலினுக்கும் இடையே காற்று நுழைந்ததாம், இசை மூச்சுவிட்டதாம். மேடையின் விலை ஏற ஏற உருவகமும் ஏறுகிறது. எந்த அதிர்வு, எங்கிருந்து, எந்த வழியாக ஊசியை அடைந்தது என்ற எளிய கேள்விக்கு மட்டும் விடை இருப்பதில்லை.

அதிர்வே கற்பனை என்று நகைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி தொட்டறியும் அசைவுகள் மைக்ரான் கணக்கிலானவை. மெல்லிய ஒலிகளில் அதற்கும் கீழே. ஒலிபெருக்கியின் தாழ்ந்த ஒலி மேசை வழியாக ஊசிக்கே திரும்பி, மறுபடி பெருக்கப்பட்டு, ஊளையாக வளர்வதைக் கேட்டவர்கள் சிரிக்க மாட்டார்கள். நோய் உண்மை. கொடுக்கப்படும் மருந்து இந்த நோய்க்கானதுதானா என்பதே என் வழக்கு.

எட்கர் வில்ச்சர் இதற்கு 1961-லேயே விடை கண்டார். அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த எக்ஸ்ஏ டர்ன்டேபிளில், சுழலும் தட்டையும் ஊசியைத் தாங்கும் கையையும் ஒரே உட்சட்டத்தில் பொருத்தி, அச்சட்டத்தை மூன்று சுருள்வில்களில் தொங்கவிட்டார். மோட்டார் சட்டத்துக்கு வெளியே. பட்டை வழியாகச் சுழற்சி. மேசை ஆடினாலும் தட்டும் கையும் சேர்ந்தே அசையும். ஊசிக்கும் பள்ளத்துக்குமான உறவு கெடாது. விலை 58 டாலர். தோரென்ஸ் டிடி 150, 1972-இல் வந்த லின் சோன்டெக் எல்பி12 ஆகியவை இதே வழியில் வந்தவை. இப்படித் தனக்குள்ளேயே மிதக்கும் கருவிக்கு அடியில் இன்னொரு மிதவையை வைப்பவர் ஊஞ்சலை ஊஞ்சலில் கட்டுகிறார். இரு வில்களின் அதிர்வெண்களும் நெருங்கியிருந்தால் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். லின் வைத்திருப்போர் பலர் இலேசான, விறைப்பான சாதாரண மேசையைத் தேடிப்போனது சிக்கனத்தால் மட்டுமல்ல.

வில்லோ ரப்பரோ, எந்தத் தாங்கிக்கும் ஓர் இயல்பதிர்வெண் உண்டு. அதன் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளை மட்டுமே அது குறைக்கும். அதையொட்டி வருபவற்றைப் பெருக்கிவிடும். இயல்பதிர்வெண் 10 ஹெர்ட்ஸாக இருக்க, சுமை ஏறியதும் வில் 2.5 மி.மீ. அமுங்க வேண்டும், 5 ஹெர்ட்ஸுக்கு 10 மி.மீ.; 2 ஹெர்ட்ஸுக்கு ஆறு சென்டிமீட்டருக்கும் மேல். ஊசியும் கையும் சேர்ந்த அமைப்பின் ஒத்ததிர்வோ பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் வைக்கப்படுகிறது. ஆக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும் அழகிய மேடை எந்த இடத்தில் அதிர்வைப் பெருக்கும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். நுண்ணோக்கிகளுக்கெனச் செய்யப்படும், அரை ஹெர்ட்ஸ் வரை இறங்கும் எதிர்விறைப்பு மேடைகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. அவற்றின் புகழை மற்றவை பங்குபோட்டுக்கொள்கின்றன.

இன்னொன்றும் உண்டு. இந்த அறிவுரைகளில் பெரும்பகுதி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மரத்தளம் போட்ட வீடுகளில் பிறந்தது. அங்கே ஒருவர் அறைக்குள் நடந்தாலே ஊசி துள்ளும். அதனால்தான் சுவரில் அறைந்த பலகையில் டர்ன்டேபிளை வைக்கிறார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் கான்கிரீட் தளம். அவர்களுடைய தரையை இறக்குமதி செய்யாமல் தீர்வை மட்டும் இறக்குமதி செய்வானேன்?

காதுதான் இறுதி நீதிபதி என்பார்கள். இருக்கட்டும், நீதிபதிக்கு விலைச்சீட்டைக் காட்டாமல் தீர்ப்புக் கேளுங்கள். சி. சு. செல்லப்பாவின் அலசல் விமர்சனம் ரசனைக்கு விரோதமானது என்று ஒரு காலத்தில் குறைப்பட்டுக்கொண்டவர்களின் குரலே இங்கும் கேட்கிறது. ரசனை அளவீட்டால் கெடும் என்றால் அது அத்தனை நோஞ்சானா?

பணம் அவரவருடையது, உனக்கென்ன என்று கேட்கலாம். தேய்ந்த ஊசியை மாற்றாமல் மேடை வாங்குகிறவரை நினைத்தே எழுதுகிறேன். தேய்ந்த முனை பள்ளத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே போகும். அந்தச் சேதத்துக்கு மீட்பில்லை. மறுபதிப்பே காணாத எத்தனையோ கச்சேரித் தட்டுகள் தனி வீடுகளில்தான் எஞ்சியிருக்கின்றன. முதலில் ஊசி, அதன் அழுத்தம், கோணம், தட்டைத் துடைத்தல். பிறகு மேடையைப் பற்றிப் பேசுவோம்.

அதற்கும் முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று: மோட்டாரை நிறுத்திவிட்டு, அசையாத தட்டின்மேல் ஊசியை இறக்குங்கள். ஒலியளவை வழக்கமான இடத்துக்கு மெல்ல உயர்த்தி, மேசையை விரலால் தட்டுங்கள். அறைக்குள் ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். ஒன்றும் கேட்கவில்லையென்றால் கடைக்குப் போக வேண்டாம். தட்டியது கேட்டால் போகலாம். எத்தனை கிலோ சுமையில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் 'கருமை' என்று தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.