வடிகான் யாருடைய வாப்பாவின் சொத்து?



நேற்றிரவு மழைக்கு ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். விடிந்ததும் எல்லோரும் சபையைத் திட்டுகிறோம்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல் பூமி நம் காத்தான்குடி. வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதித்தோம்; மணல் குடித்த தண்ணீர் இப்போது வீதிக்கு வருகிறது. கேற்றடியில் வடிகானுக்கு மேல் கழற்ற முடியாதபடி கொங்கிரீட் போட்டோம். சபை ஊழியர் எப்படி மண் அள்ளுவார்?

கேட்டால், "என்ட வாசல்தானே சேர்" என்கிறார்கள். வாசல் உங்களுடையது. வடிகான் ஒழுங்கைக்கே சொந்தம். பள்ளத்தில் இருக்கும் கடைசி வீட்டு மூத்தம்மா குர்ஆனை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, விடியும்வரை கட்டிலில் காலைத் தூக்கிக்கொண்டு இருந்தார்.

நானும் அடைத்தவன்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் வாசலை உடைத்து, தூக்கக்கூடிய மூடி போடுகிறேன். அலவாங்கு வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.