சோற்றைத் துறந்தால் தசை வளருமா?

இன்று சோறு குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. "மாவுச்சத்தை விடு, முட்டையும் இறைச்சியும் உண், உடல் இரும்பாகும்" என்பது உடற்பயிற்சிக்கூடம் செல்லும் நண்பர்கள் பலரின் வேதவாக்கு. குற்றம் சாட்டுவோர் பலர். சோற்றுக்காக வாதாட ஒருவராவது வேண்டாவா? அப்பணியை நான் ஏற்கிறேன்.

இக்கொள்கை புதியதன்று. 1863-இல் இலண்டன்வாசியான வில்லியம் பான்டிங், ரொட்டியையும் சர்க்கரையையும் குறைத்துத் தம் பருமன் நீங்கிய வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார். 1972-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் அதற்குப் புத்துயிர் அளித்தது. இம்முறையால் எடை குறைவது உண்மை. நீரிழிவு நோயாளர் சிலருக்கு மருத்துவர் மேற்பார்வையில் இது பயன் தருவதும் உண்மை. ஆனால் முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் கொழுப்பன்று, நீரே! நம் தசைகளிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கப்படுகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் நீரும் தங்குகிறது. சேமிப்பு கரைந்தால் நீரும் வெளியேறும். தராசு முள் இறங்கும்.

அச்சேமிப்பின் அருமையை 1967-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். தசையில் ஊசி செலுத்திச் சிறு துணுக்கெடுத்துக் கிளைகோஜனை அளந்தனர். கடும் வேகத்தில் மிதிவண்டி மிதித்தவர்கள், கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டபோது சுமார் ஒரு மணி நேரத்தில் களைத்தனர். கலப்புணவு உண்டபோது ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், மாவுச்சத்து மிகுதியாக உண்டபோது இரண்டே முக்கால் மணி நேரமும் தாக்குப்பிடித்தனர்.

"பழகினால் உடல் கொழுப்பையே எரிபொருளாக்கும்" என்பர் எதிர்வாதிகள். அதுவும் பொய்யன்று. 1983-இல் ஸ்டீபன் ஃபின்னி ஆராய்ந்த ஐந்து மிதிவண்டி வீரர்கள், நான்கு வாரங்கள் மாவுச்சத்தைத் தவிர்த்த பின்னும் மிதமான வேகத்தில் முன்போலவே நீடித்தனர். ஆனால் போட்டி என்பது மிதமான வேகமா? 2017-இல் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத்தரம் வாய்ந்த நடைப்போட்டி வீரர்களிடம் சோதித்தனர். மூன்று வாரக் கடும் பயிற்சிக்குப் பின் மாவுச்சத்து உண்டோரின் வேகம் கூடியது, கொழுப்புணவினர்க்குக் கூடவில்லை. அதே தூரத்தை அதே வேகத்தில் கடக்க அவர்களுக்கு அதிகப் பிராணவாயு தேவைப்பட்டது. மூச்சிரைக்க ஓடும்போது பிராணவாயுவன்றோ பெருஞ்செல்வம்!

இனித் தசைக்கு வருவோம். தசையை வளர்ப்பவை பளுப்பயிற்சியும் புரதமும். பயிற்சி செய்வோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும் என்பது இன்றைய கணக்கு. 60 கிலோ எடையுள்ள மாணவனுக்கு இது 96 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம். சோற்றைத் தள்ளிவிட்டு இரண்டு முட்டையோடு எழுந்திருக்கும் விடுதி மாணவன் எதைப் பெறுகிறான்? புரதமும் போதாது, ஆற்றலும் போதாது. மூளைக்கு வேண்டிய குளுக்கோஸுக்காக உடல் புரதத்தின் ஒரு பகுதியைச் செலவழிக்கும். உணவில் அது குறைந்தால் தசையிலிருந்தே எடுக்கும். சுவர் எழுப்பக் கொண்டுவந்த செங்கல்லை அடுப்பெரிக்கப் பயன்படுத்துவது போன்றது இது.

நம்மில் பலர் காவலர் பணிக்கனவோடு விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றுகிறோம். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அவ்வேகத்திற்கு உடல் பெரிதும் நம்புவது மாவுச்சத்தையே. விலையுயர்ந்த மாவு டப்பா வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள், எவரோ சொன்னதைக் கேட்டு வயிற்றைக் காயவிட்டு அந்த ஓட்டத்தை இழக்கலாமா?

மலைபோல் சோறு குவிக்கச் சொல்லவில்லை நான். நாள் முழுதும் அமர்ந்திருப்பவர் அளவைக் குறைக்கட்டும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றுக்குத் தட்டில் இடம் பெருகட்டும். ஆனால் ஓடுகிறவன், பளு தூக்குகிறவன் சோற்றைப் பகைக்க வேண்டாம். உழைப்புக்கேற்ற சோறு, தசைக்கேற்ற புரதம்: இதுவே என் தீர்ப்பு. நண்பர்களே, உங்கள் தீர்ப்பு என்ன?