அஞ்சடிப் பேச்சு: இடது பக்கத்துக் கூடு

“அப்படி என்னதான் வாராவாரம் பேசுவீங்க?” என்று என் மனைவி கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. கேட்டுக்கொண்டே நாலு கிளாஸ் கோப்பியையும் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் நால்வரையும் தெரியும். காப்பார் சாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, தோட்டம் கைமாறிய பிறகு கிள்ளானில் ஆளுக்கொரு தாமானில் குடியேறியவர்கள். வாத்தியார், நிஜமாகவே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கிராணி, துறைமுகத்தில் கணக்கு எழுதியவர். டிரைவர், முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பட்டப்பெயர் இல்லாத ஒரே ஆள் நான்தான். எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு.

எங்கள் வீட்டு முன்னால் காடி நிறுத்தும் இடத்தை நாங்கள் இன்னும் அஞ்சடி என்றுதான் சொல்கிறோம். லயத்து வீட்டுப் பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? அதை ஒட்டி ஆறடி அகலத்தில் கொஞ்சம் மண் இருக்கிறது. ஒரு கறிவேப்பிலை மரம், இரண்டு செம்பருத்தி, என் மனைவியின் துளசி. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் ‘தோட்டம்’ அவ்வளவுதான்.

பேச்சுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வீட்டுச் செய்தி. வாத்தியாரின் மனைவிக்கு முழங்கால் வலி எப்படி, கிராணியின் பேரன் எஸ்பிஎம் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்கிறானா, சிங்கப்பூரில் இருக்கும் டிரைவரின் மகளுக்கு இது எத்தனையாவது மாசம். அடுத்து, அந்த வாரம் கண்ணில் பட்ட பறவைகள். கடைசியாக நாட்டு நடப்பு. அது எப்போதும் கடைசிதான். அதைத் தொடங்கினால் கோப்பி ஆறிவிடும்.

சில நேரம் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். கொஞ்ச நாளைக்கு முன்னால் காக்கை சுடுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. கிள்ளானுக்கு அது புதிதல்ல. காக்கைத் தொல்லை அதிகம் என்று புகார் வந்தால், துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுடுவார்கள். வாத்தியார் உடனே வரலாற்றுப் பாடம் நடத்தினார். இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பயிரைத் தின்னும் புழுக்களை ஒழிக்கட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த பறவை இந்தக் காக்கை. கோப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. காக்கை மட்டும் இங்கேயே தங்கிப் பெருகிவிட்டது.

“வேலைக்குன்னு கப்பல்ல ஏத்திட்டு வந்துட்டு, வேலை முடிஞ்சதும் வேணாம்னு சொல்றது யாருடைய கதைடா?” என்றார் கிராணி. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

டிரைவர்தான் பேச்சை மாற்றினார். “காக்காயை ஒழிச்சா குயிலும் போயிடும். அது முட்டை போட கூடு வேணுமில்ல?”

பறவை விஷயத்தில் அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. எங்கள் நால்வரில் பறவைக் கண் அவருக்குத்தான். லாரி ஓட்டிய கண். மலாயில் முராய் என்கிறார்களே, அந்தக் குண்டுக்கரிச்சான் எந்த வேலியில் உட்கார்ந்து பாடுகிறது, சின்னான் எந்தச் செடியில் கூடு கட்டியிருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே காட்டுவார்.

அதனால்தான் அந்தத் தேன்சிட்டுக் கூட்டை நாங்கள் மூவரும் ரகசியமாக வைத்திருந்தோம். கறிவேப்பிலைக் கிளையில், அஞ்சடிப் பக்கம், தோள் உயரத்தில் தொங்கியது. நாரும் காய்ந்த இலையும் சிலந்தி நூலும் சேர்த்துப் பெண் சிட்டு கட்டிய நீளமான பை. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரம். டிரைவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு இடது பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரம். “அவனே கண்டுபிடிக்கட்டும், எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பார்ப்போம்” என்று வாத்தியார் பந்தயம் கட்டினார்.

முதல் வாரம் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது வாரம் பெட்ரோல் விலையில் பேச்சு நின்றது. 2025 செப்டம்பர் கடைசியில் பூடி95 திட்டம் வந்ததிலிருந்து ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்னுக்கு வாங்க மைகார்டு வேண்டும், காலாவதியாகாத லைசன்சும் இருக்க வேண்டும். முதல் நாள் எண்ணெய் நிலையத்தில் தன் அட்டை படாத பாடு படுத்தியதைக் கிராணி நடித்தே காட்டினார்.

“உனக்கு எப்படிடா?” என்று டிரைவரிடம் கேட்டேன்.

“தம்பி மகன்தான் எண்ணெய் ஊத்துறான்” என்றார். பிறகு, “எனக்கு எதுக்கு காடி? நடந்தா சர்க்கரை குறையும்லா” என்று சிரித்தார்.

வாத்தியார் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாக டிரைவர் நடந்துதான் வருகிறார் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பறவைகளைப் பற்றிச் சொல்லும்போதும் ‘பார்த்தேன்’ என்று சொல்வதில்லை. குயில் கூவியது, முராய் பாடியது என்று காதில் விழுந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்ப எழுந்தவர் இடது பக்கம் திரும்பினார். தோள் கறிவேப்பிலைக் கிளையில் பலமாக இடித்தது. கூட்டுக்குள்ளிருந்து பெண் சிட்டு கீச்சிட்டுக்கொண்டு பறந்தது.

“என்னடா அது?” என்றார் டிரைவர்.

மூன்று வாரமாக அடக்கி வைத்த சிரிப்பு எங்களுக்கு வரவில்லை. வாத்தியார் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து மறுபடியும் உட்கார வைத்தார். “எத்தனை நாளா இப்படி?”

முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு சொன்னார். ஆறு மாசத்துக்கு முன்னால் தன் வீட்டு கேட் தூணிலேயே காடியை உரசிவிட்டாராம். இருபது வருஷமாக அங்கேயே நிற்கும் தூண். “இடது பக்கம் அது இருந்ததே தெரியல. அதுவே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையா இருந்திருந்தா?” அன்றோடு சாவியை மாட்டிவிட்டார். லைசன்ஸ் முடிந்தபோது புதுப்பிக்கவும் இல்லை. மகளிடம் சொல்லவில்லை. ஏழு மாசக் கர்ப்பிணி, கேட்டால் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவருவாளே என்ற பயம்.

“எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன?” என்று கிராணி கத்தினார். கத்தினாரே தவிர, அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் கிராணியின் காடியில் நாலு பேரும் கண் மருத்துவரிடம் போனோம். கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார்கள். கண் நரம்பைப் பார்த்தார்கள். சின்னச் சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லி ஒரு சோதனை செய்தார்கள். கிளாக்கோமா என்றார் மருத்துவர். கண் அழுத்த நோய். பெரும்பாலும் வலி இருக்காது, கண் சிவக்காது. பார்வை ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருங்கும். நேரே பார்ப்பது நன்றாகத் தெரிவதால், ஆளுக்கே தெரிய நாளாகும். போன பார்வை திரும்பாது. ஆனால் தவறாமல் சொட்டு மருந்து போட்டு அழுத்தத்தைக் குறைத்தால், இருப்பதைக் காப்பாற்ற முடியும்.

“குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா?” என்று மருத்துவர் கேட்டார்.

டிரைவர் யோசித்தார். எங்களுக்கு உடனே ஞாபகம் வந்தது. அவர் அப்பா கடைசிக் காலத்தில் லயத்துச் சுவரைத் தடவித் தடவி நடப்பார். அஞ்சடியில் விளையாடும் எங்கள் மேல் மோதுவார். வயசாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னோம். அப்போது அவருக்கு என்ன வயது இருக்கும்? இன்று எங்களுக்கு இருக்கும் வயதைவிடக் குறைவு.

அவருக்கு இருந்தது இதே நோய்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது என்றார் மருத்துவர். மகளிடம் மறைப்பதற்கு டிரைவர் வைத்திருந்த காரணம் அந்த இடத்திலேயே செல்லாமல் போயிற்று. அன்று இரவே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மகள் ஐந்து நிமிஷம் அழுதாளாம், பத்து நிமிஷம் திட்டினாளாம். பிறகு, தானும் மருத்துவரிடம் போகிறேன் என்றாளாம்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கிறோம். கண்ணாடி மாற்றும் கடையோடு கண்ணை விட்டுவிடுகிறோம். நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருப்பவர்கள், கண் அழுத்தத்தையும் நரம்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர் திடீரென்று காடி ஓட்டுவதை விட்டாலோ, அடிக்கடி மேசை முனையில் இடித்துக்கொண்டாலோ, வயசாகிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது டிரைவரைக் காலையில் கூட்டிவருவதும் கொண்டுபோய் விடுவதும் கிராணியின் வேலை. நாற்காலியைத் திருப்பி, கறிவேப்பிலை நேர் எதிரே இருக்கும்படி போட்டிருக்கிறோம். அன்று இடித்ததில் பயந்து பறந்த சிட்டு, நல்லவேளையாகத் திரும்பி வந்துவிட்டது. போன ஞாயிறு டிரைவர் கூட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் சிட்டு எதையோ கவ்விக்கொண்டு வந்து தொங்கியது.

“ரெண்டு அலகு தெரியுதுடா” என்றார்.

நாங்கள் மூவரும் எழுந்துபோய்ப் பார்த்தோம். இரண்டுதான்.

அவர்கள் போன பிறகு கிளாஸ்களை எடுக்க வந்த மனைவி வழக்கம்போல் கேட்டார்: “இன்னைக்கு என்ன பேசுனீங்க?”

“பெருசா ஒண்ணுமில்ல. தேன்சிட்டு ரெண்டு குஞ்சு பொரிச்சிருக்கு” என்றேன்.

“அண்ணன் பார்த்தாரா?” என்றார் அவர்.