ஸ்காட்லாந்தில் நிலம் யாருக்கு?

எடின்பரோ நகரிலுள்ள ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு 2025ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஒரு நிலச் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 1,000 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 2,500 ஏக்கருக்கு, மேற்பட்ட நிலமுடையவர்கள் அதை எவ்வாறு பராமரிக்கப் போகிறார்கள் என்று திட்டம் எழுதி வெளியிட வேண்டும். சுற்றுப்புறத்து ஜனங்களைக் கலந்து கொள்ள வேண்டும். அவ்வளவு பெரிய நிலம் விற்பனைக்கு வருமானால் ஊராருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அவசியமெனத் தோன்றினால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்தே விற்கும்படி மந்திரிகள் உத்தரவிடலாம். மசோதாவின் சாரம் இதுதான். இது சொத்துரிமையில் கைவைப்பதாகும் என்று பிரபுக்கள் தரப்பில் பலத்த ஆட்சேபம் கிளம்பிற்று. நமக்கோ, மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாகவே இது தோன்றுகிறது. அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஏறக்குறைய 55 லட்சம் ஜனங்கள் வாழும் ஸ்காட்லாந்தில், தனியார் வசமுள்ள கிராமப்புற நிலத்தில் சரிபாதி நானூற்றுச் சொச்சம் பேர் கையில் இருக்கிறது. அவர்களுள் தனியொருவராக மிகுந்த நிலமுடையவர் ஸ்காட்லாந்துக்காரரே அல்லர். டென்மார்க் தேசத்துத் துணி வியாபாரக் கோடீஸ்வரர் ஒருவர். அவர் வசமுள்ளது 2 லட்சம் ஏக்கருக்கு மேல்! நிலப்பிரபுத்துவ முறைக்கு அங்கே சட்டப்படி முடிவு கட்டியதே 2004ஆம் வருஷம் நவம்பர் 28ஆம் தேதிதான் என்றால் நேயர்கள் வியப்படையக் கூடும்.

இந்த நிலத்தையெல்லாம் இங்கிலீஷ்காரர் பறித்துக்கொண்டனர் என்று சொல்லிவிட்டால், தேசீயவாதிகளான நமக்குச் சௌகரியமாக இருக்கும். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. ஹைலண்ட்ஸ் என்னும் வடமேற்கு மலைநாட்டில் கேலிக் பாஷை பேசிய ஜனங்கள் குலங்குலமாக வாழ்ந்தனர். நிலம் குலத்துக்கே சொந்தம், தலைவன் அதன் காவலன் மட்டுமே என்பது அவர்களுடைய நம்பிக்கை. பத்திரத்திலோ தலைவன் பெயர் மட்டுமே இருந்தது. யுத்தத்துக்கு ஆள் வேண்டியிருந்த வரையில் இந்த வித்தியாசம் யாருக்கும் உறுத்தவில்லை. 1746 ஏப்ரல் 16ஆம் தேதி கல்லோடன் களத்தில் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசனின் சேனை முறியடிக்கப்பட்டது. மலைநாட்டு உடைக்குத் தடை வந்தது; குலத்தலைவர்களின் நீதிபரிபாலன அதிகாரம் பறிபோயிற்று. வாள் பிடிக்கும் ஆட்கள் இனித் தேவையில்லை. வாரம் கொடுக்கும் ஆட்கள்தான் தேவை. குடியானவன் கொடுத்ததைக் காட்டிலும் ஆட்டுப்பண்ணைக் குத்தகைதாரன் அதிகம் கொடுக்க முன்வந்தபோது, தலைவர்கள் தங்கள் குலத்தாரையே வெளியேற்றத் துணிந்தார்கள்.

ஸதர்லாந்துச் சீமாட்டியின் காரியம் இதற்குப் பேர்போன உதாரணம். அவருடைய கணவர் இங்கிலாந்தின் பெருஞ் செல்வர். நிலமோ சீமாட்டியின் பரம்பரைச் சொத்து. 1807 முதல் 1821 வரையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் கடற்கரைக்குத் துரத்தப்பட்டனர். 1814இல் ஸ்டிராத்நேவர் பள்ளத்தாக்கில் கூரைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அதை நடத்திய காரியஸ்தர் பேட்ரிக் ஸெல்லரே அங்கு வரவிருந்த ஆட்டுப்பண்ணைக்குக் குத்தகைதாரர். 1816இல் இன்வர்னெஸ் நகரில் அவர்மீது நடந்த வழக்கில் குற்றவாளியல்லர் என்று தீர்ப்பாயிற்று. ஜூரிகளில் பலர் நிலமுடைய கனவான்கள் என்பதை இங்கே குறித்து வைக்கிறோம்.

கடனில் மூழ்கிய தலைவர்கள் நிலத்தை விற்கத் தொடங்கியதும் புதுப் பணக்காரர்கள் வந்து சேர்ந்தனர். 1844இல் லூயிஸ் தீவை விலைக்கு வாங்கிய ஜேம்ஸ் மாத்திஸன், நமது தேசத்தில் விளைந்த அபினியைச் சீனத்தில் விற்றுப் பொருள் குவித்தவர். இங்கே கசகசாச் செடி பயிரிட்ட ஏழைக் குடியானவனும் அங்கே தீவில் வாரம் கட்டிய ஏழைக் குடியானவனும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கணக்குப் புத்தகத்தில் இடம்பெற்றார்கள்.

எதிர்ப்பு மூண்டது 1882இல். ஸ்கை தீவின் பிரேஸ் என்னுமிடத்துக் குடிகள், தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட மலை மேய்ச்சல் நிலம் திரும்பக் கிடைக்கும் வரையில் வாரம் கட்டுவதில்லை என்று உறுதி பூண்டனர். வெளியேற்ற உத்தரவுடன் வந்த அமீனாவின் கையாலேயே அதைக் கொளுத்தச் செய்தனர். கிளாஸ்கோவிலிருந்து சுமார் ஐம்பது போலீஸார் வந்திறங்கினார்கள். அவர்களை முன்னின்று கல்லால் எதிர்த்தவர்களில் ஸ்திரீகள் அநேகர். சர்க்கார் பணிந்து ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரையில் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்து, கூவம் முகத்துவாரத்துப் பாலத்துக்குத் தம் பெயரை விட்டுச் சென்ற அதே நேப்பியர்தான். 1883 மே மாதத்தில் பிரேஸில் கமிஷன் கூடியபோது முதல் சாட்சி, ‘உண்மையைச் சொன்னால் என்னை நிலத்திலிருந்து வெளியேற்றமாட்டார்கள் என்று உறுதி தர முடியுமா?’ என்று கேட்டுவிட்டே வாய் திறந்தான். அந்த ஒரு கேள்வி கமிஷனின் பெரிய அறிக்கைக்கு ஈடாகும் என்பது நமது அபிப்பிராயம்.

அந்த அறிக்கை 1884இல் வெளியாயிற்று. குடியானவர்களின் ஊர்களைக் கூட்டு உரிமையுடைய சமூகங்களாகச் சட்டம் அங்கீகரிக்க வேண்டும் என்று நேப்பியர் யோசனை கூறினார். சர்க்கார் அதை ஏற்கவில்லை. 1886ஆம் வருஷச் சட்டம் தனித்தனிக் குடியானவனுக்கு நிலைத்த குத்தகை, நியாயமான வாரம், வாரிசுரிமை ஆகியவற்றை அளித்தது. இது சாமானிய லாபம் அன்று. நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முன்பு துரத்தப்பட்டவர்களின் நிலம் திரும்பவில்லை. ஊர் என்ற ஸ்தாபனத்துக்கும் உரிமை கிடைக்கவில்லை.

புறக்கணிக்கப்பட்ட அந்த யோசனையின் சாயல் நூறு வருஷங்களுக்குப் பிறகு ஜனங்களின் முயற்சியாலேயே தலைதூக்கிற்று. 1993இல் அஸிண்ட் பிரதேசத்துக் குடிகள் பணம் திரட்டித் தங்கள் நிலத்தை விலைக்கு வாங்கினர். 1997 ஜூனில் எய்க் என்னும் சிறு தீவு ஜனங்களின் வசமாயிற்று. முதலாளிகள் மாறிமாறி வந்த அத்தீவில் அப்பொழுது வசித்தவர்கள் எழுபது பேர்கூட இரார். தேசமெங்கும் இருந்து சிறு நன்கொடைகள் குவிந்தன; பெயர் சொல்ல விரும்பாத ஒரு மாது பெருந்தொகை கொடுத்தார். 2008இல் அவர்கள் நீர், காற்று, சூரிய ஒளி மூன்றிலிருந்தும் சொந்தமாக மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு வீடு ஒரே சமயத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது அவர்களே வகுத்த விதி. இப்பொழுது தீவின் ஜனத்தொகை நூறைத் தாண்டியிருக்கிறது.

இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரிய செய்திகளே. ஆயினும் ஊர்ச் சமூகங்கள் வசமுள்ள நிலம் மொத்தத்தில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. ஏன்? 2003ஆம் வருஷச் சட்டப்படி, சொந்தக்காரர் விற்க முன்வந்தால் பதிவு செய்துகொண்ட ஊராருக்கு முதல் உரிமை. அவர் விற்காவிட்டால் ஊரார் காத்திருக்க வேண்டியதுதான். மனமில்லாதவரிடமிருந்து வாங்க அச்சட்டத்திலும் 2016ஆம் வருஷச் சட்டத்திலும் வழி உண்டென்றாலும், நிபந்தனைகள் மிகுந்த அந்த வழியில் போனவர் மிகச் சிலர். இதற்கிடையில், மரம் நட்டுக் கரிக் கணக்கு விற்க விரும்பும் கம்பெனிகளும் புகுந்து நிலத்தின் விலையை ஏற்றிவிட்டன.

பெரும் பண்ணை என்பதனாலேயே குற்றமாகாது என்று பிரபுக்கள் வாதிக்கிறார்கள். மேற்படி டென்மார்க்குக்காரர் கிளென்பெஷி பள்ளத்தாக்கில் மான்களின் தொகையைக் குறைத்து, பழைய பைன் காடு தானே முளைத்தெழும்படி செய்திருக்கிறார். நல்ல காரியம்; நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் கதி ஒரு மனிதரின் நற்குணத்தைப் பொறுத்திருப்பதுதான் நமக்கு ஆட்சேபம். அவருக்குப் பின் வருபவர் எப்படிப்பட்டவரோ, யார் கண்டது?

புதுச் சட்டத்தில் ஒருவர் இவ்வளவுக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற உச்சவரம்பு இல்லை. 2007 முதல் அதிகாரத்தில் இருந்த ஸ்காட்டிஷ் தேசீயக் கட்சி, லண்டனிடமிருந்து சுதந்திரம் கோருவதில் காட்டிய தைரியத்தைத் தன் நாட்டுப் பிரபுக்கள் விஷயத்தில் காட்டவில்லை என்றே சொல்வோம். மந்திரிகள் ஒரு பண்ணையைத் துண்டாக்கி விற்கச் சொன்னாலும், துண்டை வாங்க ஊராரிடம் பணம் வேண்டும். அதற்கென ஏற்பட்ட ஸ்காட்லாந்து நிலநிதி ஒரு முயற்சிக்கு அளித்து வந்த தொகை அதிகபட்சம் 10 லட்சம் பவுன். மலைநாட்டில் ஒரு பெரிய பண்ணையின் விலை அதைப் போலப் பல மடங்கு.