நோக்குகூலியும் நம்ம ஊரு லாரியும்

லாரிக்காரங்கன்னாலே "காசு பிடுங்குறாங்கப்பா"ன்னு ஒரு பேச்சு உண்டு. ஏத்துக்கூலி தனி, இறக்குக்கூலி தனி, போதாததுக்கு ஹால்ட்டிங் வேறன்னு விருதுநகர் பருப்பு மண்டியில இருந்து சிவகாசி பட்டாசுக் கடை வரைக்கும் இதே பாட்டுதான். என் கட்சி நேர் எதிர். ஹால்ட்டிங் கேக்குறது நியாயம். சொல்லப்போனா அவங்க கேக்குறதே கம்மி.

ஏன்னு சொல்றேன். பட்டாசு ஏத்துற வண்டியை ஆரு வேணா ஓட்டிட முடியாது. ஆபத்தான சரக்கு ஓட்டுறதுக்குன்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்படி தனிப் பயிற்சி எடுத்து லைசென்ஸ்ல பதிஞ்சிருக்கணும். 2008 வெடிபொருள் விதிகள்படி லோடு இருக்குற வண்டியை ஆளில்லாம விட்டுட்டுப் போகக் கூடாது. மத்த லோடுன்னா வண்டி ஓரமா ஸ்டவ்வைப் பத்தவச்சு சோறு பொங்கிடலாம். பட்டாசு லோடுல பீடி கூட பத்தவைக்க முடியாது. இறக்குற ஊர்ல குடோன்காரர் "நாளைக்கு வாங்க"ன்னா, அந்த ராத்திரி முழுக்க அவர்தான் காவல்.

இது வேலையா, ஓய்வா?

சட்டம் சொல்ற பதிலைக் கேளுங்க. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துல, டெர்மினல்ல சும்மா காத்து நிக்கிற நேரம் 15 நிமிஷத்துக்குக் குறைவா இருந்தா அது வேலை நேரம். அதுக்கு மேல போனா கணக்குல வராது. அதாவது 10 நிமிஷம் நின்னா வேலை, 10 மணி நேரம் நின்னா ஓய்வு! :) 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இந்த 15 நிமிஷத்தை அப்படியே எடுத்து வச்சுக்கிச்சு. வண்டியை விட்டு நகராதேன்னு ஒரு சட்டம், நகராம நின்னதுக்குக் கணக்கு இல்லேன்னு இன்னொரு சட்டம்.

செங்கோட்டை தாண்டினா வேற கதை. கேரளாவுல சுமட்டுக்காரங்க மூட்டையைத் தொடாமலே, வேடிக்கை பாத்ததுக்கு 'நோக்குகூலி' வாங்குனாங்க. 2018 மே 1ல அரசாங்கமே அதை ஒழிச்சுச்சு. அநியாயம்தான், ஒழிச்சது சரிதான். ஆனா நம்ம டிரைவர் நிலைமை அதுக்கு உல்டா. நிஜமாவே பாத்துக்கிட்டு நிக்கிறது அவர் கடமை, அதுக்குத்தான் கூலி இல்ல.

ரயில்வேகாரன் விடுறானா? வேகனைக் குடுத்த நேரத்துக்குள்ள காலி பண்ணலேன்னா மணிக்கணக்குல டெமரேஜ் போடுவான். கப்பல்லயும் அதே. மறுபேச்சுப் பேசாம கட்டுறோம்ல? டிரைவர் கேட்டா மட்டும் பிடுங்குறதா?

"மழை பெய்யுது, பட்டாசை எப்படி இறக்குறது?"ன்னு வியாபாரிங்க கேப்பாங்க. நியாயமான கேள்வி. மழை யார் தப்பும் இல்ல. ஆனா யார் தப்பும் இல்லாத நட்டத்தை, ட்ரிப்புக் கணக்குல பேட்டா வாங்குற ஒருத்தர் தலையில மட்டும் ஏன் கட்டணும்? ரெண்டு நாள் நின்னா அடுத்த ட்ரிப் போச்சு. விட்டதைப் பிடிக்கணும்னு ராத்திரி முழுக்கத் தூங்காம ஓட்டுவார். பின்னாடி இருக்குறது வெடி. அந்த ரோட்டுலதான் நாமளும் குடும்பத்தோட போறோம்.

என் யோசனை ரொம்பச் சிம்பிள். வண்டி குடோனுக்கு வந்த நேரத்தை பில்டியிலயே எழுதி, இறக்குறவங்க கையெழுத்துப் போடணும். அமெரிக்காவுல பொதுவா ரெண்டு மணி நேரம் இலவசம், அதுக்கப்புறம் மீட்டர். நமக்கு நாலு மணி நேரமே இருக்கட்டும், தப்பில்ல. அதுக்கு மேல மணிக்கு இவ்வளவுன்னு வாடகை பேசும்போதே பேசிடணும். முக்கியமா, அந்தக் காசுல பாதி ஓனர் பாக்கெட்டுக்குப் போகாம டிரைவர் கைக்கு வரணும். நேரத்துக்குக் காசுன்னு தெரிஞ்சா இறக்குற ஆளும் தானா வந்து நிப்பாங்க.

உங்க ஊர்ப் பக்கம் ஹால்ட்டிங் எப்படிப் பேசுறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்கா.