சிவப்பு எதைச் சொல்கிறது?

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் முட்டத்தில் வள்ளம் இறக்குகிறவருக்கும் வானிலைப் படம் இன்று கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. முன்னவர் தேடுவது விடியற்காலை மழையை. பின்னவர் தேடுவது காற்றையும் அலையையும். இருவர் கண்ணிலும் படுவது ஒரே சிவப்பு. அது எதன் சிவப்பு, எத்தனை அலகுக்குச் சிவப்பு என்று சொல்ல வேண்டிய நிறப்பட்டையோ திரையின் ஓரத்தில், ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில் கிடக்கிறது. நிறத்தை வாசிப்பதும் வாசிப்பே என்பதால், இலக்கியம் பேசும் இவ்விடத்தில் இதைப் பேசத் துணிகிறோம்.

இந்திய வானிலைத் துறையின் எச்சரிக்கை வரிசையில் சிவப்பு என்றால் உடனே செயல்படு என்று பொருள். டாப்ளர் ராடாரின் எதிரொலிப் படத்தில் அது வலுத்த மழை. அதே ராடாரின் திசைவேகப் படத்தில், வழக்கமான முறைப்படி, ராடாரை விட்டு விலகும் காற்று. நிறமூட்டிய செயற்கைக்கோள் படங்கள் பலவற்றில் மேக உச்சியின் கடுங்குளிர். வெப்பநிலைப் படத்திலோ கொளுத்தும் வெயில்! சிலேடை காளமேகத்துக்கு அழகு. கடலுக்குப் போகிறவருக்கு அது ஆகாது.

கணினியில் காற்றையும் கடலையும் உருவகித்துக் காட்டும் மென்பொருள்களின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. பாராவியூ போன்றவற்றில் ஒவ்வொரு மாறிக்கும் தனிப் பட்டை வைக்கலாம்; ஆனால் பயனர் தாமே மாற்றாதவரை எல்லாவற்றுக்கும் ஒரே நிறவரிசைதான் கிடைக்கும். பட்டை இரண்டு, நிறம் ஒன்று. பட்டையைப் பிரித்துவிட்டோம் என்ற நிறைவில் படம் வரைந்தவர் எழுந்துவிடுகிறார். குழப்பம் பார்ப்பவருக்கு மிஞ்சுகிறது.

இது வெறும் அழகியல் பிரச்சினையன்று. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கையை ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னரே விடுத்திருந்தது. கள்ளக்கடலின் கள்ளத்தனமே உள்ளூர்க் காற்றில் அது தெரியாததுதான். தென்னிந்தியப் பெருங்கடலின் தொலைவில் எங்கோ வீசிய புயற்காற்று எழுப்பிய நீள் அலைகள், நாட்கள் கழித்து, தெளிந்த வானத்தின் கீழ் நம் கரையில் ஏறுகின்றன. அன்றைக்குக் காற்றுப் படத்தை மட்டும் பார்ப்பவருக்குச் சாந்தமான நீலம் தெரியலாம். அலையின் உயரம் ஒன்று, அதன் கால இடைவெளி மற்றொன்று; இரண்டையும் தனித்தனி அளவுகோலில் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து புலப்படும்.

பட்டையின் உச்சி எங்கே முடிகிறது என்பதும் கேள்விதான். ஒருநாள் மழை 20 செ.மீ.யைச் சற்றுத் தாண்டினாலே அது அதிகனமழை; அதற்கு மேல் வகையில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. 21-க்கும் 95-க்கும் ஒரே நிறம் என்றால் அந்த நிறம் பேசுவதை நிறுத்திவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

எம் கருத்து இது: ஒரு படத்தில் நிறம் ஒரு மாறிக்கே உரியதாகட்டும். எர்த் நல்ஸ்கூல், விண்டி ஆகிய தளங்கள் காற்றை ஓடும் கோடுகளாகக் காட்டி, நிறத்தை வேறொன்றுக்கு விட்டுவைப்பது நல்ல வழி. மூன்றாவது மாறி வேண்டுமென்றால் சமகோடு இருக்கிறது. இரண்டுக்கும் நிறம் வேண்டியே தீருமெனில், ஒன்று நீலச் சாயல்களில், மற்றது பழுப்பில் என்று குடும்பமே வேறாக இருக்கட்டும். வானவில்லை முழுதாகக் கொட்டுவதை அருள்கூர்ந்து விட்டுவிடலாம். அதில் மஞ்சள் தன் தகுதிக்கு மீறிக் கண்ணை இழுக்கிறது. 2017-இல் வெளிவந்த மேட்பிளாட்லிப் 2.0 வானவில்லைக் கைவிட்டு விரிடிஸ் என்னும் சீரான நிறவரிசைக்கு மாறியது.

பட்டையின் மேல் 'அலை உயரம், மீட்டரில்' என்று தமிழில் எழுதட்டும். காற்றுக்குக் கச்சான், வாடை, கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் மொழி இது. அந்தப் பெயர்களையும் ஓரத்தில் சேர்த்தால் முட்டத்துக்காரர் படத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாசித்துவிடுவார்.